தவணை என்று சொல்லாத அலுவலகம்

எங்கள் அலுவலகத்தின் முன்மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறது. அதில் ‘தவணை’ என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கும். அந்தச் சொல்லின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. வேறொன்றும் இல்லை. அந்த மேசையில் உட்காருபவர் வழக்குக்காக வரும் கட்சிக்காரரிடம் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

மூன்று மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த நிரோஷாவுக்கு இது பிடிபடவில்லை. வழக்கு நாட்களை அவள் இப்போது கைப்பேசியில் செய்தியாக அனுப்புகிறாள். ஒரே அமுக்கில் இருபது பேருக்குப் போய்விடுகிறது. போன வாரம் அவள் அனுப்பவிருந்த செய்தியில் ‘உங்கள் அடுத்த தவணை’ என்று இருந்தது. எடுக்கச் சொன்னேன்.

“ஏன் அக்கா? கோட்டுல எல்லாரும் அப்பிடித்தானே சொல்றாங்க. நீதவான் சொல்றாரு, லோயர்மாரு சொல்றாங்க, வாசல்ல கச்சான் விக்கிற ஆளும் சொல்றாரு. ஒங்களுக்கு மட்டும் அந்தச் சொல்லோட என்ன சண்ட?”

“பெரிய கதை அது.”

“எழுதி வச்சிட்டுப் போங்க. நீங்க போனப்பறம் மிஸ் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

அவள் ‘போனப்பறம்’ என்றது என் வேலை மாற்றத்தை; ‘மிஸ்’ என்றது எங்கள் சட்டத்தரணியை. இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரத்தில் இருக்கும் இந்தச் சட்டத்தரணி அலுவலகத்தில் பதினொரு வருடம் லிகிதராக, அதாவது எழுத்தராக, இருந்துவிட்டு, அடுத்த மாதம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் போகிறேன். முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவரைப் போல உட்கார்ந்து அனுபவம் எழுதுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் நிரோஷா கேட்டுவிட்டாள். இதில் வரும் தாயிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். அவருக்குச் சிவகாமி என்று வேறு பெயர் வைத்திருக்கிறேன். “என் மகள் பேர மட்டும் எங்கயும் போட்டுறாதீங்க” என்றார். போடவில்லை.

நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில், அம்மா மலையில் கொழுந்து எடுப்பவர். இருவரும் பெருவிரலை மையில் தொட்டுத்தான் சம்பளம் வாங்கினார்கள். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். ஒன்பது வயதிலேயே எங்கள் லயத்துக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். பக்கத்துக் காம்பராக்காரர்கள் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை வாசலில் காத்திருப்பார்கள். அந்தப் பெருமை எனக்கு அப்போதே தலைக்கு ஏறிவிட்டது. இறங்கியதாகச் சொல்ல மாட்டேன். உயர்தரப் பரீட்சை முடித்தேன், சிங்களத்தைத் தனி வகுப்புக்குப் போய்ப் படித்தேன், தட்டச்சும் கணினியும் பழகினேன். படிப்புக் கதை அவ்வளவுதான்.

எங்கள் சட்டத்தரணி ரோஸலின் மிஸ். தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் மகள். சின்ன உடம்பு. மேசை லாச்சியில் எப்போதும் வறுத்த கச்சான் கடலை இருக்கும். யாரையும், தேநீர் கொண்டு வரும் பையனைக்கூட, ‘நீங்க’ என்றுதான் பேசுவார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நிறையக் கோபம் வந்தால் நிறைய நேரம் துடைப்பார்.

நேர்முகத் தேர்வு என்று அவர் வைத்தது ஒரு சிங்களக் கடிதத்தை என் முன்னால் வைத்ததுதான். “இத உங்க அம்மாவுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க” என்றார். நான் எனக்குத் தெரிந்த பெரிய தமிழ்ச் சொற்களையெல்லாம் கோத்து, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். மிஸ் கேட்டுவிட்டு, “உங்க அம்மா லோயரா?” என்றார். வேலை கிடைக்காது என்று நினைத்தேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அந்த அலுவலகத்தில் சட்டத்தைவிட முன்மேசை ஒழுங்கைத்தான் நான் முதலில் படித்தேன்.

ஒன்று, கட்சிக்காரர் நிற்கக் கூடாது. தோட்டத்திலிருந்து வருகிற ஆட்கள் அலுவலகம் என்றால் நின்றுதான் பேசுவார்கள். காலைப் பெரட்டில் துரைக்கும் கணக்குப்பிள்ளைக்கும் முன்னால் நின்று வேலைக்குப் பிரிந்துபோன பழக்கம் அது. ஒருமுறை ஒரு பெரியவர் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு கதவோரமே நின்றார். மிஸ் எழுந்து அவரும் நின்றார். இருவரும் நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க உக்காருங்க மிஸ்.”

“நீங்க உக்காந்தா நானும் உக்காருவேன்.”

“இருக்கட்டும்ங்க, எனக்குப் பழக்கம்.”

“எனக்குப் பழக்கம் இல்லங்க ஐயா. முட்டி வலிக்குது.”

பெரியவர் பதறிப்போய் அந்தக் கணமே உட்கார்ந்தார்.

இரண்டு, முதல் கேள்வி வழக்கைப் பற்றியது அல்ல. ‘உங்களுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?’ என்பதுதான். அந்த நேரத்தைக் கோப்பின் வலது மேல் மூலையில் பென்சிலால் எழுத வேண்டும். முதலில் எனக்கு இது விளையாட்டாகத் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது. பஸ்ஸை நினைத்துக்கொண்டிருப்பவர் நாம் சொல்வதைக் கேட்பதில்லை. அவருடைய கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருக்கும், தலை ஆடிக்கொண்டிருக்கும். பஸ்ஸுக்கு நாம் பொறுப்பு என்று தெரிந்தால்தான் ஆள் நிதானமாகத் தன் கதையைச் சொல்லத் தொடங்குவார்.

மூன்று, வெள்ளிக்கிழமை அழைப்பு. மாதக்கணக்கில் அசையாத வழக்குகளின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவரையும் அழைத்து, “இந்த மாசம் உங்க வழக்குல ஒன்னும் நடக்கல” என்று சொல்ல வேண்டும். பொல்பிட்டியவில் இருந்த ஒருவர் என்னிடம் கேட்டார்:

“ஒன்னும் நடக்கலன்னு சொல்லவா போன் எடுத்தீங்க?”

“ஆமாங்க.”

“ரொம்பச் சந்தோஷம் தங்கச்சி. நான் ஃபைலத் தொலைச்சிட்டீங்கன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்.”

நான்காவதுதான் எனக்கு ஒட்டாத ஒழுங்கு. “கட்சிக்காரர் ‘சரிங்க’ன்னு சொன்னா அதப் பதிலா எடுத்துக்காதீங்க. என்ன சரின்னு அவங்க வாயால திருப்பிச் சொல்ல வைங்க” என்பார் மிஸ்.

எனக்கு உள்ளூரச் சிரிப்பு. ‘சரிங்க’ என்ற சொல்லுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள் நான். பெரட்டில் எந்த மலைக்குப் போகச் சொன்னாலும் ‘சரிங்க’. மழையில் போகச் சொன்னாலும் ‘சரிங்க’. கேட்டது புரிந்ததோ இல்லையோ, மேலே இருப்பவர் பேசி முடித்தால் இந்தப் பக்கம் வர வேண்டிய சத்தம் அது. எது புரிந்த ‘சரிங்க’, எது புரியாத ‘சரிங்க’ என்று முகத்தைப் பார்த்தே என்னால் சொல்ல முடியும் என்று நம்பினேன். வயதானவர்களிடம் மட்டும் மிஸ் சொன்னபடி செய்வேன். என் வயதுப் பெண்களிடம், வாத்தியார் போலத் திருப்பிச் சொல்லச் சொல்வது அவர்களை அவமதிப்பதாகப் பட்டது. அப்படித்தான் என் தவறுக்கு நானே மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன்.

நான் சேர்ந்து ஐந்தாவது வருடம் சிவகாமி வந்தார். நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஒன்பது வயதில் ஒரே மகள். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யப் போனவர், நான்கு வருடமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. இப்போது வந்து, பிள்ளையைத் தன் பொறுப்பில் தரும்படி வழக்குப் போட்டிருந்தார். கந்தப்பளையில் இருக்கும் தன் அக்கா வீட்டில் வைத்துப் படிக்க வைப்பேன், தாய் வெளிநாட்டு வேலைக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறார், பிள்ளை அநாதரவாகிவிடும் என்பது அவர் பக்கத்துச் சொல்.

“வெளிநாட்டுக்குப் போறேன்னு ஒரு நாள் கோவத்துல சொன்னேன்ங்க. அவ்வளவுதான். பாஸ்போட்டுகூட எடுக்கல” என்றார் சிவகாமி. பிறகு மெதுவாக, “மகளத் தூக்கிக் குடுத்துருவாங்களா?” என்று கேட்டார். அன்று மட்டும் அந்தக் கேள்வியை மூன்று முறை கேட்டார்.

முதல் நாள் விசாரணையில் நீதிபதி இரு பக்கமும் கேட்டார். பிறகு, பிள்ளையிடம் தானே தனியாகப் பேசிப் பார்க்க வேண்டும், இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை பிள்ளையை மன்றுக்கு அழைத்து வர வேண்டும் என்று சிங்களத்தில் உத்தரவிட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். ஆனால் மன்றில் அன்று கூட்டம். அடுத்த வழக்குக்காரர்கள் முண்டியடித்துக்கொண்டு முன்னே வந்தார்கள். மிஸ் அடுத்த வழக்குக்குக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். வெளியே வராந்தாவில் சிவகாமி என் கையைப் பிடித்தார்.

“என்னங்க சொன்னாங்க? ஒன்னும் காதுல விழல.”

“ஒன்னும் பயமில்லங்க. ரெண்டு வாரம் கழிச்சு வியாழக்கிழமை காலையில வந்துருங்க. அடுத்த தவணைக்குப் புள்ளையக் கூட்டிக்கிட்டு வரணும். ஐயா பேசிப் பாக்கணுமாம்.”

“சரிங்க.”

முகத்தைப் பார்த்தேன். புரிந்த ‘சரிங்க’தான். நான் அடுத்த வேலைக்கு ஓடினேன்.

இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை, காலை எட்டரைக்கே சிவகாமி நீதிமன்ற வாசலில் நின்றார். நல்ல சேலை உடுத்தி, தலை வாரி, பூ வைத்து, தனியாக. பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். வழக்கு பத்து மணிக்குக் கூப்பிடப்பட்டது.

“பிள்ளை எங்கே?” என்று நீதிபதி கேட்டார்.

பிள்ளை இல்லை.

எதிர்ப்பக்கச் சட்டத்தரணி எழுந்தார். மன்றின் உத்தரவைத் தாய் மதிக்கவில்லை என்றார். பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறார், வெளிநாடு போவதற்கான ஏற்பாடு நடக்கிறது என்ற தங்கள் சந்தேகம் உறுதியாகிவிட்டது, ஆகவே இன்றே இடைக்கால உத்தரவாகப் பிள்ளையைத் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார். நீதிபதி பேனாவை எடுத்தார். அந்தப் பேனா எடுத்த கை இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

மிஸ் ஒரு நிமிட அவகாசம் கேட்டு, திரும்பிச் சிவகாமியிடம் குனிந்தார். நான் அருகில் நின்றேன்.

“புள்ள எங்கங்க?”

“ஸ்கூல்ல மிஸ்.”

“இன்னைக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்கல்ல?”

சிவகாமி விழித்தார். “இன்னைக்கு என்னைய மட்டுந்தானே மிஸ் வரச் சொன்னாங்க. புள்ளைய அடுத்த தவணைக்குத்தானே சொன்னாங்க? இப்ப ரெண்டாந் தவணைப் பரீட்ச நடக்குது. அது முடிஞ்சு, லீவு விட்டு, மூணாந் தவணை தொறந்ததும் கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன். ஐயா புள்ள படிப்பு கெடக் கூடாதுன்னு நெனச்சிருக்காரு, நல்ல மனுசன்னு வீட்டுலகூட சொன்னேனே.”

மிஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நீதிமன்றத்தில் தவணை என்றால் வழக்குக்கு வரும் நாள். பள்ளிக்கூடத்தில் தவணை என்றால் வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு. வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கிற, நீதிமன்றப் படியை முதன்முறை மிதித்த ஒரு தாய்க்கு எந்தத் தவணை முதலில் நினைவுக்கு வரும்? ஐந்து வருடம் முன்மேசையில் இருந்த எனக்குக் கோட்டுத் தவணையைத் தவிர வேறொன்று நினைவுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத் தவணைகளிலேயே முன்னேறி வந்தவள் நான்!

மிஸ் நிமிர்ந்தார். “கனம் நீதிபதி அவர்களே, தவறு என் அலுவலகத்துடையது. என் கட்சிக்காரருடையது அல்ல. உத்தரவை அவருக்கு விளங்கும்படி நாங்கள் சொல்லவில்லை” என்று சிங்களத்தில் சொன்னார். என் லிகிதர் என்று சொல்லவில்லை. நாங்கள் என்றார். பிறகு ‘தவணை’ என்ற தமிழ்ச் சொல்லின் இரண்டு பொருளையும் ஒவ்வொன்றாக விளக்கினார். மொழிபெயர்ப்பாளர் ‘உண்மைதான்’ என்பது போலத் தலையசைத்ததையும் பார்த்தேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒன்றரைக்கு மறுபடி எடுப்பேன். பிள்ளை இங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன் பக்கத்துக் கோரிக்கையின்படி உத்தரவு போடுவேன்.”

ஒன்றரைக்கு மூன்று மணி நேரமும் கொஞ்சமும் இருந்தது. தாய் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். நானும் சிவகாமியும் வாசலில் நின்ற ஆட்டோ ஒன்றில் ஏறினோம். மழை தூறத் தொடங்கியிருந்தது. ஆட்டோக்காரர் இரு பக்கமும் ரெக்சின் திரையை இறக்கிவிட்டார். உள்ளே நாங்கள் இருவர் மட்டும்.

“எல்லாம் என் மரமண்டையால வந்தது” என்றார் சிவகாமி. கையிலிருந்த துணிப்பையைத் திருகிக்கொண்டே இருந்தார். “நீங்க தெளிவாத்தான் சொல்லியிருப்பீங்க. எனக்குத்தான் வெளங்கல. நாலாம் வகுப்போட நின்னவ. படிச்சிருந்தா வெளங்கியிருக்கும். ஒங்களுக்கும் மிஸ்ஸுக்கும் எவ்வளவு கரைச்சல் குடுத்துட்டேன்.”

மிஸ் சிங்களத்தில் பேசியது அவருக்குப் புரிந்திருக்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். “பரவாயில்லங்க” என்றேன்.

பதினொரு வருடத்தில் நான் சொன்ன சொற்களில், திருப்பி எடுக்க முடியுமானால் எடுத்துவிட வேண்டும் என்று நினைப்பது அதைத்தான். என் பிழைக்கு நான் அவரை மன்னித்தேன்! லயத்தில் கடிதம் வாசித்துக் காட்டிய பிள்ளை, கையெழுத்துப் போட்ட முதல் ஆள், ஒரு தாய் தன்னை மடச்சி என்று சொல்லிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு நோர்வூட் வரை பேசாமல் வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் கணிதப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அதிபர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, சிவகாமியிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி, வகுப்பு வாசலுக்கு அழைத்துப் போனார். பிள்ளை எங்களைப் பார்த்தாள். எழும்பவில்லை.

“இன்னும் மூணு கணக்கு இருக்கும்மா.”

“கோட்டுக்குப் போகணும்டி. வா.”

“மூணுதான்மா. வகுத்தல் கணக்கு. எனக்குத் தெரியும்.”

சிவகாமி என்னைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றே முக்கால். இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் அழுத கண்ணோடு ஒரு பிள்ளையை நீதிபதி முன்னால் கொண்டுபோய் நிறுத்த முடியாது. “போடட்டும்ங்க” என்றேன். அந்த மூன்று கணக்கும் பதினைந்து நிமிடம் எடுத்தன. மூன்றாவதை அவள் அழித்து அழித்துப் போட்டாள். வராந்தாவில் நின்று அந்த அழிரப்பர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பதினைந்து நிமிடம் போல நீளமான காலம் என் வாழ்க்கையில் வேறு இல்லை.

திரும்பும் வழியில் பிள்ளை நடுவில் உட்கார்ந்தாள். வெள்ளைச் சீருடை, கழுத்தில் டை, கையில் பென்சில் பெட்டி.

“ஏம்மா இன்னைக்கு? அடுத்த தவணைக்குன்னுதானே சொன்னீங்க?”

“அம்மாதான் தப்பா வெளங்கிட்டேன்டி.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“இல்ல பாப்பா. அம்மா சரியாத்தான் வெளங்கிக்கிட்டாங்க. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். கோட்டுல தவணைன்னா வேற. அத நான் அம்மாவுக்குச் சொல்லல. மிஸ்ஸும் அங்க ஐயாகிட்ட அதத்தான் சொன்னாங்க. தப்பு எங்க ஆபீஸ் மேலன்னு.”

சிவகாமி பையைத் திருகுவதை நிறுத்தினார். இரண்டு வளைவு கடந்தது.

“அப்ப நான் மடச்சி இல்லையா?”

“இல்லங்க.”

“போகும்போதே ஏன் சொல்லல?”

“வெக்கமா இருந்துச்சுங்க.”

அவர் என்னை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். “படிச்சவங்களுக்குமா?”

ஆட்டோக்காரர் முன்னாலிருந்து, “அவங்களுக்குத்தான் வெக்கம் கூடுதல் அக்கா” என்றார். பிள்ளை முதலில் சிரித்தாள். பிறகு சிவகாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்று பத்துக்கு நீதிமன்ற வாசலில் இறங்கினோம். ஒன்றரைக்கு நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்குள் அழைத்தார். மொழிபெயர்ப்பாளர் மட்டும் கூட. வெளியே ஒரே நீள மர வாங்கின் இரண்டு முனைகளில் தாயும் தகப்பனும் உட்கார்ந்திருந்தார்கள். தகப்பன், “பெரிய புள்ளையாயிட்டா” என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். கெட்ட மனிதர் என்று எனக்குத் தோன்றவில்லை. சிவகாமி இருவருக்கும் நடுவில் வைத்திருந்த துணிப்பையை எடுத்துத் தன் மறுபக்கம் வைத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் கழிந்தது. பிள்ளை தாயோடு இருக்க வேண்டும், தகப்பன் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துப் போகலாம் என்று உத்தரவானது. உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டேன். “அது என் வாயிலிருந்து வரக் கூடாதும்மா” என்றார். அந்த வேலையின் மீது எனக்கு ஆசை வந்தது அந்த நிமிடத்தில்தான் என்று நினைக்கிறேன். பிள்ளை மட்டும் தானாகச் சொன்னாள், “கணக்குப் பேப்பர் எப்பிடின்னு கேட்டாரு. லேசுன்னு சொன்னேன்.”

இம்முறை உத்தரவை வாங்கில் உட்கார வைத்து மெதுவாகச் சொன்னேன். சிவகாமி திருப்பிச் சொன்னார். நான் கேட்காமலே இரண்டு தடவை சொன்னார். “யாரும் மகளத் தூக்கிக் குடுக்கல” என்பதை மட்டும் மூன்றாவது தடவையும்.

அலுவலகத்துக்கு வந்ததும் மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

“கட்சிக்காரர்கிட்டச் சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன் மிஸ்.”

“எப்ப?”

“திரும்பி வரும்போது.”

மறுபடி துடைத்தார். “ம். போகும்போதே சொல்லியிருக்கலாம்.”

அவ்வளவுதான். லாச்சியைத் திறந்து கச்சான் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். மறுநாள் காலை நான் ‘தவணை’ என்று எழுதிக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். மதியம் பார்த்தபோது அதன் மேல் சிவப்புக் கோடு இருந்தது. அந்த அலுவலகத்தில் சிவப்புப் பேனா ஒருவரிடம்தான் உண்டு.

அதன் பிறகு நாங்கள் ‘கோட்டுக்கு வர்ற நாள்’ என்றுதான் சொல்கிறோம். ஒரு துண்டில் மூன்று வரி எழுதிக் கொடுக்கிறோம்: என்ன கிழமை, யார் யார் வர வேண்டும், என்ன கொண்டு வர வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுகிறோம். திருப்பிச் சொல்ல வைப்பதில் மிஸ்ஸிடம் இல்லாத ஒரு வழியை நான் கண்டுபிடித்தேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ‘வெளங்குச்சா?’ என்று கேட்டால் ‘சரிங்க’தான் வரும். ‘திருப்பிச் சொல்லுங்க’ என்றால் ஆள் சுருங்கிப்போவார். நான் கேட்பது இது: “வீட்டுக்குப் போனதும் என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்களே, என்ன சொல்லுவீங்க?” உடனே ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து, சேதி கொண்டு போகிறவராக மாறிச் சொல்லத் தொடங்குவார். பிழையிருந்தால் அங்கேயே பிடிபடும். பல சமயம் பிழை நம்முடையதாக இருக்கும்.

நிரோஷாவுக்கு: செய்தி அனுப்பு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அனுப்பிவிட்டு அழைத்தும் பேசு. கைப்பேசியில் வரும் ‘சரி’யும் பெரட்டுக் களத்துச் ‘சரிங்க’தான். கட்டைவிரல் படம் வந்தால் இன்னும் கவனமாக இரு. எங்கள் வீட்டில் அந்த விரலை வைத்துத்தான், வாசிக்கத் தெரியாத காகிதத்துக்கெல்லாம் சம்மதம் சொன்னார்கள்.

நேற்று எனக்கு அலுவலகத்தில் கடைசிக்கு முந்தைய நாள். சிவகாமி வந்தார். மகளுக்குப் பதினைந்து வயதாகிவிட்டது. பள்ளிக்கூட மாற்றத்துக்கு அந்தப் பழைய உத்தரவின் உறுதிப்படுத்திய பிரதி ஒன்று தேவையாம். நான் நாற்காலியை நிரோஷாவுக்கு விட்டுவிட்டு ஓரமாக நின்றேன்.

நிரோஷா நன்றாகத்தான் செய்தாள். உட்கார வைத்தாள். பஸ் நேரம் கேட்டாள். மூலையில் எழுதினாள்.

“அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க அக்கா. எடுத்து வைக்கிறேன்.”

“வர்ற செவ்வாயா, அதுக்கடுத்த செவ்வாயா?” என்றார் சிவகாமி.

நிரோஷா நாட்காட்டியைப் பார்த்து, “வர்ற செவ்வாய் அக்கா, நாலு நாள்ல” என்றாள்.

“நல்லது. நான் வேலைக்குப் போயிட்டுத்தான் வருவேன். ரெண்டு மணியாகும். நாலு மணி பஸ்ஸ விட்டா எனக்கு வேற பஸ் இல்ல. வர முடியாட்டி மகள் வருவா, அவகிட்டக் குடுங்க. வேற யாரு வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாது.”

நிரோஷா எழுதிக்கொண்டே, “சரிங்க அக்கா” என்றாள்.

சிவகாமி எழும்பவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காகிதத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு நிரோஷாவைப் பார்த்தார்.

“சரிங்கன்னா? நான் போனப்பறம் உள்ள மிஸ் கேப்பாங்களே பாப்பா, என்ன சொல்லுவ?”

நிரோஷா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.